வீட்டில் பில்டர் காபி மணக்க: கொங்குப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வேலைக்கு வந்து, வாடகைக்கு வீடு பிடித்து, முதல் மாதமே ஒரு பில்டரும் வாங்கி வைத்திருப்பீர்கள். தெருமுனைக் கடையில் அவ்வளவு மணக்கிற காபி, வீட்டில் போட்டால் மட்டும் சப்பென்று இருக்கும். இல்லாவிட்டால் கசந்து நாக்கை வறட்டும். உடனே பொடியை மாற்றுவோம். அப்புறம் கடையை மாற்றுவோம். காசு போகும், மணம் வராது.

நான் ரொம்ப நாள் திண்டாடித் தெரிந்துகொண்டது இதுதான்: பல வீடுகளில் பொடி நன்றாகவே இருக்கிறது. ஊற்றுகிற தண்ணீரும், டிகாஷன் சொட்டி இறங்க எடுத்துக்கொள்ளும் நேரமும்தான் சரியில்லை. அதனால் கீழே தண்ணீரில் ஆரம்பித்து வரிசையாக எழுதியிருக்கிறேன். இந்த வரிசையிலேயே போங்கள். தண்ணீரைச் சரி செய்யாமல் பொடியின் அரைப்பைத் திருத்தினால், எது எதனால் மாறியது என்றே பிடிபடாது.

1. உங்கள் வீட்டுக் குழாயில் வருவது என்ன தண்ணீர்?

வீடு பார்க்கும்போதே ஹவுஸ் ஓனரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. கோவை மாநகரில் சில பகுதிகளுக்குச் சிறுவாணி, சில பகுதிகளுக்குப் பில்லூர். பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு. பல்லடம், சூலூர், அவிநாசி வட்டாரத்தில் நிறைய வீடுகளில் புழக்கத்துக்குப் போர் தண்ணீர், குடிக்க மட்டும் தனியாக ஒரு குழாயோ கேனோ இருக்கும். காபிப் பொடிக் கடையில் பெரியவர் ஒருவர் நான் பொடி கேட்டதும், "தண்ணி என்ன தண்ணிங்க உங்க வீட்ல?" என்றுதான் முதலில் கேட்டார். அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

சிறுவாணி மென்மையான தண்ணீர். காபியில் இருக்கிற மெல்லிய புளிப்பும் பழ மணமும் அதில் அப்படியே எழும்பி வரும். போர் தண்ணீரில் கரைந்திருக்கிற பைகார்பனேட் உப்புகள் அந்தப் புளிப்பைக் கொன்றுவிடும். எவ்வளவு நல்ல கொட்டையாக இருந்தாலும் மண் மாதிரி மந்தமாகவே இருக்கும். கெட்டிலிலோ, வெந்நீர் வைக்கும் பாத்திரத்திலோ வெள்ளையாகப் படலம் கட்டுகிறதா? அப்படியென்றால் அந்தத் தண்ணீர் காபிக்கு ஆகாது.

தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவைக் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டர் ஆன்லைனில் ஏறக்குறைய 200 முதல் 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளலாம். காபிக்கு 75 முதல் 250 வரை நல்லது, 150 பக்கம் இருந்தால் ரொம்ப நல்லது. ஆர்.ஓ. தண்ணீர் பெரும்பாலும் இதற்கும் கீழே போய்விடும். அதில் போட்ட காபி கூர்மையாக, கனமில்லாமல் இருக்கும். ஆர்.ஓ.வில் 30, போரில் 600 காட்டினால், மூன்று பங்கு ஆர்.ஓ.வுக்கு ஒரு பங்கு போர் கலந்தால் 170 பக்கம் வந்துவிடும். கலந்து கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரைக் குடிக்கவே கூடாது என்று சொல்லப்பட்ட இடத்தில் இந்தக் கலப்பு வேண்டாம். நல்ல தண்ணீர்க் குழாயிலிருந்து காபிக்கு என்று தனியாக ஒரு குடம் பிடித்து வையுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. புது அபார்ட்மென்ட்களில் மொத்தக் கட்டடத்துக்கும் சாஃப்ட்னர் போட்டிருப்பார்கள். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடும். சோப்பு நன்றாக நுரைக்கும், கெட்டிலில் படலம் கட்டாது, ஆனால் மீட்டரில் எண் குறையாது. அந்தத் தண்ணீரில் காபி உப்புத்தட்டும், சொட்டுவதும் இழுத்துக்கொண்டே போகும். சாஃப்ட்னருக்கு முன்னால் அடுக்களைக்குத் தனி லைன் பிரிந்து வருகிறதா என்று பிளம்பரையோ அசோசியேஷனையோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. பில்டர் வாங்கும்போது

அளவில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 'விருந்தாளி வந்தால் உதவும்' என்று ஆறு டம்ளர் பில்டரை வாங்கி, தினமும் இரண்டு பேருக்குப் போடுவோம். மேல் பாத்திரத்தில் பொடி மெல்லிய படுகையாக விரிந்துகிடக்கும். தண்ணீர் ஊற்றியதும் கடகடவென்று இறங்கிவிடும். மேல் பாத்திரத்தில் பொடி மூன்றில் ஒரு பங்காவது உயரம் நிற்க வேண்டும். இரண்டு பேருக்கு, தண்ணீர் 150 முதல் 200 மில்லி பிடிக்கிற சின்ன பில்டர் போதும். ஸ்டீலில் 300 முதல் 600 ரூபாய்க்குள் கிடைக்கும். விருந்தாளிக்கு இன்னொன்று பெரிதாக வாங்கிப் பரணில் போட்டுவிடுங்கள்.

கடையிலேயே மூன்று விஷயங்களைப் பார்த்து வாங்குங்கள்.

மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். எல்லா ஓட்டையும் திறந்திருக்க வேண்டும், ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் ஓட்டை பெரிதாக இருந்தால் தண்ணீர் அந்த வழியாகவே ஓடி, மற்றப் பக்கத்துப் பொடி பாதி நனைந்து பாதி வீணாகும்.

மேல் பாத்திரத்தைக் கீழ்ப் பாத்திரத்தில் வைத்துத் திருகிப் பாருங்கள். ஆடாமல் உட்கார வேண்டும். அதற்காக இறுகிப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. இறுக்கமாக இருந்தால் கீழே உள்ள காற்றுக்கு வெளியேற வழியில்லாமல் சொட்டுவது பாதியில் நின்றுவிடும். பொடிதான் அடைத்துக்கொண்டது என்று நினைத்துக் கரண்டியால் கிளறுவார்கள். கிளறினால் காபி கலங்கிக் கசந்துபோகும். அப்படி நின்றுவிட்டால், மேல் பாத்திரத்தை ஒரு நூலளவு தூக்கிவிட்டு மறுபடி வையுங்கள். புஸ்ஸென்று காற்று போகும், சொட்டத் தொடங்கும்.

காம்பு வைத்த ஓட்டைத் தட்டு உள்ளே தாராளமாக இறங்க வேண்டும். சிலதில் அது பாதியில் சிக்கிக்கொள்ளும்.

பித்தளை பில்டர் வாங்குவதானால் உள்பக்கம் ஈயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். டிகாஷனில் அமிலம் உண்டு. பூச்சு இல்லாத பித்தளையில் அதை நிறுத்தி வைக்கக் கூடாது. பூசுகிறவரிடம், அது சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டுவிடுங்கள். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் மறுபடி பூச வேண்டும். முதல் முறை சமைக்கிறவர்களுக்கு ஸ்டீலே போதும் என்பது என் கருத்து. சுவையில் பித்தளையால் வருகிற வித்தியாசத்தைவிடத் தண்ணீரால் வருகிற வித்தியாசம் பல மடங்கு பெரிது.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். புது பில்டரை வெந்நீரில் கழுவிவிட்டு, பழைய பொடி ஏதாவது இருந்தால் ஒருமுறை போட்டு இறக்கிக் கொட்டிவிடுங்கள், பாலிஷ் வாடை போய்விடும். அப்போதே சரியாகச் சொட்டுகிறதா என்றும் தெரிந்துவிடும். சரியில்லையென்றால் பில்லோடு மறுநாளே போய் மாற்றிக்கொள்ளலாம்.

3. பொடி: பாக்கெட்டில் எதைப் படிக்க வேண்டும், கடையில் எதைக் கேட்க வேண்டும்

பாக்கெட் பொடி வாங்கினால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சிக்கரி (ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது) கலந்த பொடியில் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டே ஆக வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கும். தேதியில் மட்டும் கவனம் வேண்டும்: பெரும்பாலும் பாக்கெட் போட்ட தேதிதான் அதில் இருக்கும், வறுத்த தேதி இருக்காது.

கண் முன்னால் அரைத்துத் தருகிற கடை கிடைத்தால் அங்கேயே போங்கள். அங்கே காதில் விழுகிற சொற்களை முதலில் புரிந்துகொள்ளுங்கள். பிளான்டேஷன் என்றால் பழத் தோலை நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிகா இனக் கொட்டை. செர்ரி என்றால் பழத்தோடு அப்படியே வெயிலில் காயவைத்தது. ரொபஸ்டா வேறு இனம்; கசப்பும் கனமும் காஃபீனும் கூடுதல். பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டாகப் பிளக்காமல் ஒற்றையாக உருண்டு விளைந்த கொட்டை. அது அராபிகாவிலும் உண்டு, ரொபஸ்டாவிலும் உண்டு. 'பீபெரிங்க, ஒசத்தி' என்று மட்டும் சொன்னால் எந்தப் பீபெரி என்று கேளுங்கள். விலையே அதில்தான் மாறும்.

ஆரம்பத்துக்கு நான் சொல்கிற கலவை: பிளான்டேஷன் முக்கால், ரொபஸ்டா கால், அதன்மேல் சிக்கரி 15 சதவீதம். பாலில் குடிப்பவர்களுக்கு இது சரியாக வரும். சிக்கரி வேண்டாம் என்பவர்கள் வேண்டாம் என்றே சொல்லலாம், ஆனால் ரொபஸ்டாவைக் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் பாலில் கரைந்து காணாமல் போகும்.

சிக்கரியில் நிறையப் பேர் ஏமாறுவது நிறத்தால். டிகாஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கினால் 'ஸ்ட்ராங்' என்று நினைக்கிறோம். 40 சதவீதம் சிக்கரி போட்டால் எதுவும் கறுப்பாகத்தான் இறங்கும். சிக்கரியில் காஃபீன் கிடையாது. அது தண்ணீரை உறிஞ்சி உப்பிச் சொட்டுவதையும் தாமதப்படுத்தும். சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகை பொடியை மேலே தூவுங்கள். காபி கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி உடனே மூழ்கும், மூழ்கும்போது பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே போகும்.

கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எப்போது வறுத்தது? இந்த மெஷினில் இப்போது என்ன அரைத்தீர்கள்? எந்த ஊர்க் கொட்டை? வறுத்த சூட்டோடு அரைத்த பொடியில் வாயு நிறைய இருக்கும். தண்ணீர் பட்டதும் பொங்கி, தண்ணீரை உள்ளே விடாது. ஒரு நாளாவது ஆறிய கொட்டை நல்லது. மெஷினில் முன்னால் வந்தவரின் கலவை கொஞ்சம் தங்கியிருக்கும். உங்களுக்குச் சிக்கரி இல்லாமல் வேண்டுமானால், முதலில் விழும் ஒரு கைப்பிடியைத் தள்ளிவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். வால்பாறை, ஏற்காடு, நீலகிரி எல்லாம் நமக்குப் பக்கத்து மலைகள். அராபிகா அறுவடை நவம்பர் முதல் ஜனவரி வரை, ரொபஸ்டா அதற்கு ஒரு மாதம் பிந்தி. அதனால் மாசி, பங்குனியில் 'புதுச் சரக்கு வந்துருச்சுங்களா?' என்று கேட்டு வாங்கலாம்.

அரைப்பு: விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நைஸ் உப்பு மாதிரி லேசாக நெருட வேண்டும். மாவாக வழுக்கினால் ஓட்டையை அடைக்கும். 'பில்டருக்கு' என்று சொல்லி வாங்குங்கள். கடையில் அதற்கென்று ஓர் அளவு வைத்திருப்பார்கள். வாங்கிய கலவையைப் பில்லின் பின்னாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் அடுத்த வாரம் போனால், அதே கலவை கிடைப்பது சந்தேகம்.

அரைக் கிலோ வாங்கினால் மலிவு என்று தோன்றும். வாங்காதீர்கள். அரைத்த பொடியின் மணம் ஒரு வாரத்தில் பெரும்பகுதி போய்விடும். வாரத்துக்கு எவ்வளவு ஆகுமோ அவ்வளவு மட்டும்.

4. போடுவது, சொட்டும் நேரத்தைப் பார்ப்பது

இதுதான் முக்கியமான இடம். ஒரு சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பூன் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

பொடி 25 கிராம். மேல் பாத்திரத்தில் போட்டு, பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டிச் சமப்படுத்துங்கள். ஓட்டைத் தட்டை மேலே வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அதன் எடையே போதும். கட்டை விரலால் அழுத்துகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அழுத்தினால் ஒரு நாள் அரை மணி நேரம், ஒரு நாள் முக்கால் மணி நேரம் என்று அளவே நிற்காது.

தண்ணீர் 150 மில்லி. காபிக்குத் தண்ணீர் 92 முதல் 96 டிகிரி சூட்டில் பட வேண்டும். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம் உயரம் என்பதால் இங்கே தண்ணீர் 98, 99 டிகிரிக்குள் கொதித்துவிடும். அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட்டு ஊற்றினால் சரியாக இருக்கும். ஊட்டியில் உறவுக்காரர் வீட்டில் போடும்போது காத்திருக்கக் கூடாது. அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்தான் சாரம் இறங்கும்.

முதலில் 40 மில்லி மட்டும் சுற்றிலும் ஊற்றி அரை நிமிடம் விடுங்கள். பொடி உப்பி, மேலே குமிழ் விடும். பிறகு மிச்சத்தை மெதுவாக ஊற்றி மூடுங்கள். முதல் ஊற்றிலேயே போனில் நேரம் வைத்துவிடுங்கள். 25 கிராம் பொடி ஏறக்குறைய 50 மில்லி தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். எனவே கீழே 100 மில்லி வந்தால் சரியான கணக்கு.

காதைக் கொடுத்துக் கேட்டால் கீழே சொட்டுகிற சத்தம் கேட்கும். முதல் நிமிடங்களில் விடாமல் டப்டப்பென்று விழும், பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

12 முதல் 20 நிமிடத்தில் இறங்கி முடிந்தால், அதுதான் உங்கள் இலக்கு.

8 நிமிடத்துக்குள் இறங்கிவிட்டால் டிகாஷன் நீர்த்து, பச்சைப் புளிப்பு அடிக்கும். அடுத்த முறை அரைப்பைக் கொஞ்சம் நைஸாக்கச் சொல்லுங்கள். அதுவரை பொடியை இரண்டு மூன்று கிராம் கூட்டுங்கள். பில்டர் பெரிது என்றாலும் இப்படித்தான் ஆகும்.

அரை மணி நேரத்தைத் தாண்டினால் தொண்டையில் கசப்பும் நாக்கில் வறட்சியும் வரும். அரைப்பு நைஸாக இருக்கலாம், சிக்கரி கூடியிருக்கலாம், ஓட்டை அடைத்திருக்கலாம், காற்று அடைத்திருக்கலாம். காற்றை முதலில் பாருங்கள், அது செலவில்லாத வேலை.

நேரம் சரியாக இருந்தும் மந்தமாக இருந்தால் குற்றவாளி தண்ணீர். இல்லையென்றால் பழைய பொடி.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பொடி எடை, தண்ணீர், இறங்கிய நேரம், சுவை எப்படி என்று காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வையுங்கள்.

இரண்டாம் டிகாஷனைப் பற்றிப் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனாலும் சொல்கிறேன். அதில் மிச்சமிருப்பது பெரும்பாலும் கசப்பு. முதல் டிகாஷனோடு கலந்துவிட்டால் அதுவரை பட்ட பாடு வீண். போட்டே ஆக வேண்டுமானால் தனிப் பாத்திரத்தில் பிடித்துத் தனியாகக் குடியுங்கள்.

5. காலை நேரக் கணக்கு

ஆறரைக்குக் காபி வேண்டுமென்றால் ஆறு மணிக்குத் தண்ணீரை அடுப்பில் வைக்க வேண்டும். கொதிக்க ஐந்து நிமிடம், இறங்க இருபது நிமிடம், அந்த நேரத்தில் பால் காய்ச்சிவிடலாம். ராத்திரியே போட்டு வைக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள்; சூட்டில் கிடந்த டிகாஷன் காலையில் புளித்திருக்கும், பாலில் ஊற்றினால் சில நாள் திரியவும் செய்யும். வேறு வழியில்லையென்றால் இறங்கி ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் அடுப்பில் நேராக வைத்துக் கொதிக்கவிடாமல், வெந்நீர்க் கிண்ணத்துக்குள் அந்தப் பாத்திரத்தை வைத்துச் சூடாக்குங்கள்.

6. பாலும் சர்க்கரையும்

ஆவினில் நீல பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நீலம் காபியை நீர்க்கச் செய்யும். கறந்த பால் கொண்டுவந்து ஊற்றுகிறவர் தெருவில் இருந்தால் பாக்கியம். எந்தப் பாலானாலும் ஒருமுறை பொங்கியதும் இறக்குங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய பாலில் வாடை மாறிவிடும், அது காபி மணத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

நம் பக்கம் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்டுக் குடிப்பவர்கள் நிறைய. நன்றாகவே இருக்கும். ஆனால் பால் அடுப்பில் கொதிக்கும்போது போட்டால் திரிந்துவிட வாய்ப்புண்டு. டம்ளரில் முதலில் நாட்டுச்சர்க்கரை, அதன்மேல் டிகாஷன் ஊற்றிக் கரைத்துவிட்டு, கடைசியில் இறக்கி வைத்த பால்.

7. கழுவுவதும் பொடியை வைப்பதும்

காபியில் எண்ணெய் இருக்கிறது. ஓட்டைகளில் படிந்த எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும், அந்த வாடைதான் அடுத்த நாள் காபியில் வரும். குடித்து முடித்ததும் சக்கையைத் தட்டிவிட்டு வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். எலுமிச்சை வாசம் அடிக்கிற பாத்திர சோப்பு வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளை எண்ணிப் பார்ப்பது போலப் பாருங்கள். அடைத்திருந்தால் ஸ்டீல் பாத்திரத்தின் அடியைச் சில நொடி அடுப்புத் தீயில் காட்டினால் கருகி உதிரும். ஈயம் பூசிய பித்தளையை மட்டும் தீயில் காட்டவே காட்டாதீர்கள், பூச்சு உருகிவிடும். சுண்ணாம்புப் படலத்துக்குப் புளி ஊறவைத்த வெந்நீர் போதும்.

பொடியை இறுக மூடுகிற டப்பாவில், அடுப்பு மேடைக்குத் தள்ளி வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்துத் தினமும் திறந்து மூடினால் ஈரமும் கறிவேப்பிலை வாடையும் ஏறும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு அடிக்கும்போது டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்கக் கூடாது; பொடி கட்டிதட்டிவிடும்.

8. மொத்தம் எவ்வளவு ஆகும்

பில்டர், தராசு, மீட்டர் மூன்றும் சேர்த்து ஆயிரம் ரூபாயிலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடித்துவிடலாம். பொடி கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25 கிராம் 20 ரூபாய். அதில் மூன்று டம்ளர் காபி. பாலையும் சர்க்கரையையும் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். மீட்டரைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினாலும் வேலை நடக்கும். தராசை மட்டும் சொந்தமாக வாங்குங்கள்.

இத்தனையும் செய்து இரண்டு வாரம் குறித்து வைத்தும் சரியாக வரவில்லையென்றால், காலண்டர் தாளையும், கலவை எழுதிய பில்லையும், மிச்சமிருக்கும் பொடியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கூட்டமில்லாத மத்தியானம் போனால் நின்று பேசுவார்கள். 'நல்லா இல்லைங்க' என்று சொன்னால் வேறு பொடி தருவார். '25 கிராமுக்கு 35 நிமிஷம் ஆகுதுங்க, ஆர்.ஓ. கலந்த தண்ணிங்க' என்று சொன்னால் மெஷினின் அரைப்பைத் திருத்தி அரைத்துத் தருவார்.